மணல் எங்கே தாத்தா?

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு லீவு கிடையாது. 'வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே லீவு?' என்பது என் மாமனாரின் தாழ்மையான கருத்து. பி.காம். படித்து, சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருஷம் லெட்ஜரில் டிக் அடித்துவிட்டு, 'இனிமேல் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன்' என்று ஒருநாள் கிளம்பிவிட்ட மாப்பிள்ளையைப் பற்றி அவர் வேறு எப்படிப் பேசுவார், பாவம்!

ஆனாலும் 2024 மே மாதம் நான் ஒரு வாரம் லீவு எடுத்தேன். பாண்டிச்சேரியில், முதலியார்பேட்டை ஆயா வீட்டில், ஒரே வாரத்தில் இரண்டு விசேஷம். (ஆயா என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற பாட்டி. பள்ளிக்கூட ஆயா என்று நினைத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வாள்.) வியாழக்கிழமை தாத்தாவுக்குத் திதி. ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு மொட்டை, காதுகுத்து. அதாவது வியாழக்கிழமை வாழைக்காய், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி.

எது முதலில் என்பதில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பத்து நாள் சட்டசபை நடந்தது. "நல்ல காரியம்தான் முதல்ல" என்றாள் சின்னம்மா. "திதி நாளை நாமளா மாத்த முடியும்?" என்றார் மாமா. பெங்களூரில் பேங்க்கில் இருக்கும் சின்னம்மா பையன், "ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சா எனக்கு ஒரு சி.எல். மிச்சமாகும்" என்று எழுதி, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் ஆயா போனில் தீர்ப்புச் சொன்னாள்.

"முதல்ல அந்த மனுஷனுக்குச் சோறு போடுங்க. அவரு சாப்பிட்டப்புறம் நீங்க ஆடோ கோழியோ என்னத்தையாவது வெட்டிக்குங்க."

மேல்முறையீடு கிடையாது.

* * *

எங்கள் சின்ன வயதில், தொண்ணூறுகளில், லீவு என்றால் பாண்டிதான். பரீட்சை முடிந்த மறுநாளே திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் அம்மா எங்களை ஏற்றிவிடுவாள். பேரன் பேத்திகள் மொத்தம் பதினோரு உருப்படி. பகலில் மொட்டை மாடியில் ஆயா காயப்போட்ட வடகத்துக்குக் காவல். கையில் ஒரு குச்சி. காக்கை தின்றது கொஞ்சம், காவல்காரர்கள் தின்றது நிறைய. சாயங்காலம் அதே மாடியில் நாலு வாளி தண்ணீரைக் கொட்டிச் சூட்டைத் தணித்து, பாயை விரித்தால் வரிசையாகப் பதினோரு தலை. கத்திரி வெயிலெல்லாம் எங்களிடம் வாலாட்டியதில்லை.

தாத்தா ரோடியர் மில் தொழிலாளி. 1898-ல் ஆரம்பித்த மில். ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறிய பிறகும் அவருக்கு அது ரோடியர்தான். அவர் பிறந்தபோது ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. பிறப்புச் சான்றிதழே பிரெஞ்சில்தான் இருக்கும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊர் இந்தியா பக்கம் வந்தபோது அவர் அரை டிரவுசர். தாத்தா வாயிலிருந்து நான் கேட்ட பிரெஞ்சு வார்த்தை 'மெர்சி' ஒன்றுதான். அதையும் ஆயா காபி கொடுக்கும்போது மட்டும் சொல்வார். ஆயா முறைப்பாள்.

ரிடையர் ஆன பிறகும் மனுஷனுக்கு மில் சங்குதான் கடிகாரம். விடியற்காலையில் எங்களை உதைக்காத குறையாக எழுப்பிக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவார். பாதித் தூக்கத்தில் ஒரு படை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை, அந்தப் பழைய லைட் ஹவுஸ் 1836-ல் ஏற்றியது, தண்ணீரில் நிற்கிற இரும்புத் தூண்கள் 1952 புயலில் போன பழைய பாலத்தின் மிச்சம்... நடந்துகொண்டே பாடம் எடுப்பார். அதெல்லாம் நம்பினோம். கண்ணெதிரே ஆதாரம் இருந்தது.

நம்பாதது ஒன்றே ஒன்று.

பாண்டிக் கடற்கரையை அப்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோடு இருக்கும், சுவர் இருக்கும், சுவருக்குக் கீழே யானைக்குட்டி சைஸில் கருங்கற்கள் இருக்கும். கல்லில் அலை வந்து மோதும். பீச் என்று பெயர். ஆனால் கால் வைக்க ஒரு பிடி மணல் கிடையாது! மெரினாவைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய மோசடியாகப் பட்டது.

தாத்தா அந்தக் கற்களைக் காட்டிச் சொல்வார். "இந்தக் கல்லுக்கு அந்தாண்ட எல்லாம் மணல்டா. நாங்க அங்கதான் கபடி ஆடுவோம்."

"எவ்ளோ தூரம் தாத்தா?"

"இங்கேர்ந்து தண்ணிக்கு ஓடினா மூச்சு வாங்கும், அவ்வளவு."

"இப்ப மணல் எங்கே தாத்தா?"

அவர் பதில் சொல்லாமல் தெற்கே பார்ப்பார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். 'டூப் தாத்தா' என்று ரகசியமாகப் பட்டம் வைத்தோம். வவுச்சர் இல்லாத கணக்கை நான் அந்த வயதிலேயே ஒப்புக்கொண்டதில்லை. பிற்காலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் போய் உட்காரப் போகிறவன் இல்லையா!

* * *

தாத்தா சொன்னது முழுக்க உண்மை என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. விஷயம் இதுதான்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக அடிப்பதால் மணல் வடக்கே தள்ளப்படுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் நிகரமாக வடக்கே போவதுதான் அதிகம். வருஷத்துக்குச் சில லட்சம் கன மீட்டர்.

எங்கள் பாஷையில் சொன்னால், பாண்டிக் கடற்கரை ஒரு பேங்க் அக்கவுண்ட். தெற்கேயிருந்து தினமும் மணல் வரவு, வடக்கே தினமும் மணல் செலவு. வரவும் செலவும் சரியாக இருந்ததால் இருப்பு அப்படியே நின்றது. 1980-களின் கடைசியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி அங்கேயே தங்கிவிட்டது. வரவு நின்றது. செலவு நிற்கவில்லை. ஆரம்ப இருப்பைத் தின்ன ஆரம்பித்தது கடல். மாசக் கடைசியில் நம் சம்பள அக்கவுண்ட் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

தேங்குகிற மணலை வாரி வடக்குப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அது ஒழுங்காக நடக்கவில்லை. மணல் போனதும் ரோடைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். ரோடு பிழைத்தது. ஆனால் கல்லால் மணலைக் கொண்டுவர முடியாது. அலையின் பசி அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் கரை கரைந்தது. எங்களுக்குப் போனது கபடி மைதானம். அங்கே மீனவர்களுக்குப் போனது வீடும், வலை உலர்த்துகிற இடமும், படகு ஏற்றுகிற கரையும். ஒரே கடல்தான். நஷ்டம் மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி.

மணல் போனது போனதுதான் என்று ஊரே எழுதித் தள்ளிவிட்டது. கணக்கில் இதற்கு 'வராக்கடன்' என்று பெயர்.

* * *

2019-ல் ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குத் தாத்தா போன் செய்தார். நான் ஆபீஸில்.

"டேய் தம்பி... மணல் வந்துடுச்சுடா!"

"எங்க தாத்தா, வீடு கட்டறீங்களா?"

"பீச்சுலடா! நம்ம பீச்சுல! செக்ரடேரியட்டுக்கு எதிர்ல. செருப்பைக் கழட்டிட்டு நடந்துட்டு வந்தேன். நீ வா, கோடு போட்டு வைக்கிறேன்."

எண்பதை நெருங்குகிற மனுஷனின் குரலில் எட்டு வயதுப் பையன் இருந்தான்.

அதுவும் டூப் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் செய்த வேலை. 2018-ல் சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ இரும்புக் கட்டமைப்பு ஒன்றைத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைகிறது. அதற்குப் பின்னால் தண்ணீர் அடங்குவதால் மணல் தங்குகிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர் வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். சில மாதங்களில் கல்லுக்கு 'அந்தாண்ட' மணல் விரிந்தது. முப்பது வருஷத்து வராக்கடன் வசூல்!

"வரேன் தாத்தா. ஜூலை 31 ரிட்டர்ன் ஃபைலிங் முடியட்டும்" என்றேன்.

அந்த வருஷம் பார்த்து வருமான வரி ரிட்டர்னுக்குக் கெடுவை ஆகஸ்ட் 31 வரை நீட்டினார்கள். நாடே மகிழ்ந்தது, ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தாக்களைத் தவிர. "செப்டம்பர்ல கண்டிப்பா தாத்தா." செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட். அதையும் அக்டோபருக்கு நீட்டினார்கள். "தீபாவளிக்கு வரேன் தாத்தா." தீபாவளிக்குத் தலை தீபாவளி, மாமனார் வீடு. "பொங்கலுக்கு..." பொங்கலுக்கு ஜி.எஸ்.டி. வருடாந்தர ரிட்டர்ன். "மார்ச் முடிஞ்சதும் முதல் வேலை அதுதான் தாத்தா, ஏப்ரல்ல ஒரு வாரம் லீவு போட்டு வந்துடறேன்."

மார்ச் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். அது 2020.

சென்னைக்கும் பாண்டிக்கும் நூற்றைம்பது கிலோமீட்டர். ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பியிருக்கலாம். இதை நான் பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த ஏப்ரல் கடைசியில் மில்லை நிரந்தரமாக மூடினார்கள். "சங்கு ஊதாத ஊர்ல எப்படிடா எழுந்துக்கறது?" என்று தாத்தா போனில் கேட்டார். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஊரடங்கு. என் மனைவி ஆறு மாசம். நான் போகவில்லை. மாமா செல்போனில் காட்டினார். கவச உடை போட்ட நாலு பேர், ஒரு வண்டி. நடுவில் சிக்னல் போய்த் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வட்டம் நின்றபோது வண்டி போய்விட்டிருந்தது.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். "அவரேதான் வந்திருக்காரு" என்றாள் ஆயா. நான் ஆடிட்டர் ஆபீஸை விட்டது அடுத்த வருஷம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

* * *

2024 மே, வியாழக்கிழமை. மூன்று வருஷத்தில் முதல் முறையாக மொத்தக் குடும்பமும் ஒன்று சேர்ந்திருந்தது. வீட்டில் ஐயர் வந்து திதி முடித்ததும் பிண்டத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மாமா கால் நனைய நின்று கரைத்தார். அதற்கு மேல் யாரையும் இறங்க விடவில்லை. மணல் திரும்பி வந்த பிறகு, ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. அங்கே குளிக்கத் தடை. நீங்களும் போனால் காலை மட்டும் நனையுங்கள், ப்ளீஸ்.

நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈர மணல் உள்ளங்காலில் குளிர்ந்தது. முப்பத்தாறு வயதில், பாண்டிக் கடற்கரையில், முதல் முறையாக மணலில் நிற்கிறேன்.

மாமா பக்கத்தில் வந்தார். "உன்கிட்ட சொல்லலை... மணல் வந்த வருஷம் பூரா அப்பா டெய்லி காலையில இங்க வருவாரு. ஒரு குச்சியால கோடு கிழிப்பாரு, கபடிக் கோடு. அலை வந்து அழிச்சிட்டுப் போயிடும். மறுநாள் திரும்பக் கிழிப்பாரு. கேட்டா, 'பேரன் வரேன்னிருக்கான்'னுவாரு."

நான் கடலைப் பார்த்தேன். காற்றில் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொன்னேன். மாமா நல்லவர். நம்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். பீச் ரோட்டில் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். ஊரே காலாற நடக்கும். மாமா எங்கேயோ ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வந்து மணலில் நீளமாகக் கோடு கிழித்தார்.

"என்னடா பாக்கறீங்க? இறங்குங்க."

வடகக் காவல் படையின் பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்திருந்தோம். வடகம் திருடிய காலத்து இடுப்பு இப்போது யாருக்கும் இல்லை. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு முதுகுவலி, சாஃப்ட்வேர்காரனுக்கு இரண்டும். பேங்க்காரன் 'கபடி கபடி' என்று இரண்டு தரம் சொல்வதற்குள் நாலு தரம் மூச்சு விட்டான். ரெஃப்ரீயான சின்னம்மாவுக்கு ரூல்ஸ் தெரியாது. அவள் பையன் அவுட் ஆனால் மட்டும் "அது செல்லாது" என்பாள். அறுபத்திரண்டு வயது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாடி வந்து, என் காலைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு ஓடினார். துரத்திப் பிடிக்கப் போய் நான் குப்புற விழுந்தேன். வாய் நிறைய மணல்.

"அப்பா மண்ணு திங்கறாங்க!" என்று என் மகள் கைதட்டினாள். வாக்கிங் வந்தவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள். சுவரில் உட்கார்ந்திருந்த ஆயா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி காது குத்தினார். குழந்தை ஒரே ஒரு அலறல்தான். என் மச்சான்தான் கடைசி வரைக்கும் அழுதுகொண்டிருந்தார். கையில் பஞ்சுமிட்டாயைக் கொடுத்ததும் குழந்தை அடங்கிவிட்டது. மச்சானுக்கு யாரும் கொடுக்கவில்லை. கறிச்சோறு பிரமாதம். பந்தியில் ஆயா யாருக்கும் தெரியாமல் ஓர் இலையைத் தனியாகப் போட்டு, ஒரு கரண்டி குழம்பும் ஊற்றி வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். "வெறும் வாழைக்காயைத் தின்னுட்டு எப்படித்தான் இருப்பாரு?" என்றாள்.

குழந்தையை மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது ஆயாவுக்கு ஒரே குறை. யானை லட்சுமியிடம் ஆசீர்வாதம் வாங்க முடியவில்லையே என்று. 2022 நவம்பர் 30-ஆம் தேதி காலை நடைக்குப் போன லட்சுமி ரோட்டிலேயே சரிந்து விழுந்து செத்துப்போனது. ஊரே திரண்டு வந்து அழுதது. அதே வருஷம் மார்ச்சில் கடல் பாலத்தின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தது. "ஒவ்வொண்ணாப் போகுது" என்றாள் ஆயா. பிறகு குழந்தையின் மொட்டையைத் தடவி, "சரி, மணல் வந்துச்சுல்ல" என்றாள்.

அதற்கும் உத்தரவாதம் கிடையாது. கடல் அந்த மணலை ஒரு பருவத்தில் கூட்டும், ஒரு பருவத்தில் குறைக்கும். வடக்கே குப்பங்களில் இன்னும் கரை அரிக்கிறது. அவர்கள் கணக்கில் வசூல் வரவில்லை. ஆனாலும் பி.காம்.காரன் ஒருவன் சாட்சி சொல்கிறேன். மணலுக்கு ஆப்பு வைத்து மடக்கிப் பிடிக்க விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். 'அடுத்த லீவுக்கு வரேன்' என்று தள்ளிப்போட்ட ஞாயிற்றுக்கிழமையை வசூல் பண்ணித் தர எந்த நிறுவனமும் இல்லை.

திங்கட்கிழமை கிளம்பினோம். பஸ்ஸில் மகளின் கவுன் பாக்கெட்டிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே வந்தது. "இதையெல்லாம் எதுக்குடி அள்ளிட்டு வந்தே?" என்று மனைவி உதறப் போனாள். நான் விடவில்லை. வவுச்சராயிற்றே!

கிளம்பும்போது ஆயா வாசலில் நின்று கேட்டாள். "ஆடியில வீராம்பட்டினம் தேர். கவர்னரே வந்து வடம் பிடிப்பாரு. நீ சின்னப் புள்ளையில பாத்தது. வருவியா?"

"பார்க்கலாம் ஆ..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வரேன் ஆயா" என்றேன்.